மழைக்காலத்தில் இரவு வானம்: கேமராவைப் பூட்டி வைக்கத்தான் வேண்டுமா?

ஒரு வாசகரின் கேள்வி, 2025 ஜூன் 19

டிரைபாடு, 20 மி.மீ. லென்ஸ் எல்லாம் வாங்கி வைத்தாயிற்று. பால்வெளியின் மையம் முன்னிரவிலேயே தெரியும் மாதங்கள் இவைதான் என்கிறார்கள். ஆனால் வானம் திறப்பதே இல்லை. திறந்தாலும் பத்து நிமிடத்தில் மூடிக்கொள்கிறது. மழை முடியும்வரை கேமராவைப் பைக்குள் வைத்துப் பூட்டிவிடலாம் என்று நினைக்கிறேன். இந்த மாதங்களில் யாராவது உருப்படியாக ஏதாவது எடுத்திருக்கிறீர்களா?

ஜூன் 19, இரவு 10:50

பூட்டாதீர்கள். முதலில் லென்ஸுக்காகச் சொல்கிறேன், படத்துக்காக அப்புறம்.

காற்றில் ஈரப்பதம் 60, 65 சதவீதத்தைத் தாண்டி நாள்கணக்கில் நீடித்தால் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும். இருட்டும் காற்றோட்டமின்மையும் அதற்குக் கூடுதல் வசதி. மூடிய கேமரா பையில் இவை எல்லாமே இருக்கின்றன. மெல்லிய நூல் மாதிரி கண்ணாடியில் படரும். நாளானால் மேல்பூச்சையே அரித்துவிடும், பிறகு சுத்தம் செய்தாலும் தடம் போகாது. காற்றுப் புகாத டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல், கூடவே சிறிய ஈரப்பத அளவி ஒன்று. 40 முதல் 50 சதவீதம் வரை இருந்தால் போதும். அதிகமாக உலர்த்தவும் வேண்டாம், உள்ளே இருக்கும் மசகு கெட்டுப்போகும்.

வாரத்தில் ஒருமுறையாவது வெளியே எடுத்துக் கையாளப்படும் லென்ஸுக்குப் பூஞ்சை அபாயம் குறைவு. அதனால் மழைக்காலத்தில் படம் எடுப்பதே ஒரு பராமரிப்புதான்.

படம் எடுக்க முடியுமா என்ற கேள்விக்கு நாளை விரிவாக எழுதுகிறேன். முடியும்.

ஜூன் 20, இரவு 9:15

பத்து நிமிட இடைவெளி என்று குறைப்பட்டுக்கொண்டீர்கள். பத்து நிமிடம் நிறைய நேரம். கணக்கைப் பாருங்கள்.

500-ஐ லென்ஸின் குவியத் தூரத்தால் வகுத்தால் நட்சத்திரம் கோடாக இழுபடாமல் எத்தனை வினாடி திறந்து வைக்கலாம் என்று கிடைக்கும் என்பது பழைய விதி. 20 மி.மீ.க்கு 25 வினாடி. ஃபிலிம் காலத்துக்கு அது சரி. பூமி சுழலும் வேகத்தில் வானம் வினாடிக்கு 15 ஆர்க்செகண்ட் நகர்கிறது (ஒரு டிகிரியின் 3600-இல் ஒரு பங்கு ஒரு ஆர்க்செகண்ட்). 6 மைக்ரான் பிக்ஸல் உள்ள முழு ஃபிரேம் கேமராவில் 20 மி.மீ. லென்ஸ் மாட்டினால் ஒரு பிக்ஸலுக்கு ஏறக்குறைய 62 ஆர்க்செகண்ட். 25 வினாடியில் நட்சத்திரம் 6 பிக்ஸல் இழுபடும். அதனால் நான் 300-ஐ வகுக்கிறேன். 15 வினாடி, மூன்று, நான்கு பிக்ஸல். பெரிதாக்கிப் பார்த்தால் மட்டும் தெரியும்.

இப்போது 15 வினாடிப் படங்கள் 16 எடுங்கள். நான்கே நிமிடம். அவற்றை அடுக்கி ஒன்றாக்கினால், அதாவது ஸ்டாக்கிங் செய்தால், இரைச்சல், அதாவது படத்தில் தெரியும் புள்ளிப் பிசிறு, நான்கில் ஒரு பங்காகக் குறையும், ஏனென்றால் பலன் படங்களின் எண்ணிக்கைக்கு வர்க்கமூலமாகக் கூடுகிறது. இதையே 64 படமாக்கினால் எட்டில் ஒரு பங்கு. ஆனால் அதற்குப் பதினாறு நிமிடம் வேண்டும். முதல் நான்கு நிமிடத்தில் கிடைக்கும் லாபம்தான் பெரிய லாபம். மழைக்காலம் அந்த நான்கு நிமிடத்தைப் பெரும்பாலும் தந்துவிடுகிறது.

ஒன்றை மறக்காதீர்கள். கேமராவில் 'நீண்ட எக்ஸ்போஷர் இரைச்சல் குறைப்பு' என்று ஒரு அமைப்பு இருக்கும். அதை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு படத்துக்குப் பின்னும் அதே 15 வினாடிக்கு ஷட்டரை மூடிக்கொண்டு இன்னொரு கறுப்புப் படம் எடுத்துக் கழிக்கும். கிடைத்த இடைவெளியில் பாதி அதற்கே போய்விடும். கறுப்புப் படங்களை மேகம் மூடியபிறகு லென்ஸ் மூடியைப் போட்டு நாமே எடுத்துக்கொள்ளலாம். அதுதான் மேகத்துக்கு நல்ல வேலை.

ஜூன் 20, இரவு 9:40

சேர்க்க மறந்தது: ஃபோகஸ். இடைவெளி வந்தபிறகு ஃபோகஸ் தேடினால் இடைவெளி போய்விடும். லென்ஸில் இருக்கும் முடிவிலிக் குறியை நம்ப வேண்டாம், அது அநேகமாக இடம் தள்ளித்தான் இருக்கும். மேகத்துக்கு நடுவே ஏதாவது ஒரு பிரகாசமான நட்சத்திரம் எட்டிப் பார்த்தால், அது எந்தத் திசையில் இருந்தாலும் சரி, திரையில் பெரிதாக்கி அதன் மேலேயே ஃபோகஸ் வைத்து, வளையத்தில் ஒரு டேப் ஒட்டிவிடுங்கள். பிறகு கேமராவை வேண்டிய பக்கம் திருப்பிக் காத்திருக்கலாம்.

ஜூன் 24, காலை

மேகம் எப்போது விலகும் என்று எப்படித் தெரியும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

வானிலைச் செயலிகளில் 'மேகமூட்டம் 80 சதவீதம்' என்று மொத்தமாகப் போடும் எண் நமக்கு அவ்வளவாக உதவாது. விண்டி போன்றவற்றில் தாழ், நடு, உயர் மேகங்களைத் தனித்தனியாகக் காட்டும். அதைப் பாருங்கள். தாழ் மேகம் திட்டுத் திட்டாக வந்து போகும்; நடுவே கிடைக்கும் வானம் துல்லியமாக இருக்கும். உயர் மேகம் வானம் முழுக்க மெல்லிய துணி போர்த்தியது போலப் படிந்துவிடும், விலக மணிக்கணக்காகும்.

மாலைக்குப் பிறகு நான் நம்புவது முன்னறிவிப்பை அல்ல, செயற்கைக்கோள் படத்தை. ஹிமாவரி 10 நிமிடத்துக்கு ஒரு படம் தருகிறது. கோஸ், மீடியோசாட் படங்களும் இணையத்தில் உடனுக்குடன் வருகின்றன. நாலைந்து படங்களை ஓட்டிப் பார்த்தால் ஓட்டை எந்தப் பக்கம் நகர்கிறது என்று கண்ணாலேயே தெரிந்துவிடும். ஒரு எச்சரிக்கை உண்டு. இரவில் வருவது அகச்சிவப்புப் படம். அது வெப்பத்தைத்தான் காட்டுகிறது. உயரத்தில் உள்ள குளிர்ந்த மேகம் பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும். தாழ் மேகத்தின் வெப்பநிலை தரையை ஒட்டியே இருப்பதால் படத்தில் அது தரையோடு கலந்துவிடும். படம் 'தெளிவு' என்று சொல்லும், வெளியே வந்து பார்த்தால் தலைக்குமேல் மூடியிருக்கும். படத்தையும் பாருங்கள், வாசலுக்கு வந்து வானத்தையும் பாருங்கள்.

ஜூன் 27, இரவு 1:30

இப்போதுதான் உள்ளே வந்தேன். மழை நின்றதும் தென்பக்கம் திறந்தது. கேட்டை நட்சத்திரத்தின் சிவப்பு, அதற்குக் கிழக்கே பால்வெளியின் புடைப்பு, இரண்டும் வெறும் கண்ணுக்கே தெரிந்தன. மழை தூசியைக் கழுவிவிட்ட வானத்துக்கு இணையே இல்லை. வறண்ட மாதங்களில் எந்த மேகமும் இல்லாமல் இருந்தும் வானம் சாம்பல் நிறமாக இருக்கும், அதோடு இதை ஒப்பிடவே முடியாது. மழைக்காலத்தில் எடுக்கச் சொல்லி நான் வற்புறுத்துவதற்கு இதுதான் முதல் காரணம்.

ஆனால் ஈரம். வானம் திறந்த சில நிமிடங்களிலேயே லென்ஸ் முகத்தில் பனி படிந்துவிட்டது. மேகம் மூடியிருக்கும்வரை மேகமே கீழ்நோக்கி வெப்பத்தை அனுப்புகிறது, லென்ஸ் அவ்வளவாகக் குளிர்வதில்லை. திறந்ததும் கண்ணாடி தன் வெப்பத்தை நேரே வானத்துக்கு விட்டுவிட்டு, சுற்றியுள்ள காற்றைவிடக் கூடக் குளிர்ந்துபோகிறது. மழை பெய்து நின்ற காற்றோ ஏற்கெனவே ஈரத்தால் நிறைந்தது. இரண்டும் சேர்ந்தால் படியாமல் என்ன செய்யும்?

யுஎஸ்பியில் ஓடும் சூடேற்றும் பட்டை ஒன்றை லென்ஸின் முன்விளிம்பைச் சுற்றிக் கட்டுங்கள். வானம் திறப்பதற்கு முன்பே போட்டுவிட வேண்டும். படிந்தபிறகு போட்டால் காய நேரமாகும். துணியால் துடைக்காதீர்கள்; மறுபடியும் உடனே படியும், கண்ணாடியில் இழுப்புக் கறையும் விழும். பட்டை இல்லாவிட்டால் கையைச் சூடாக்கும் சிறு பொட்டலங்கள் இரண்டை ரப்பர் பேண்டால் கட்டினாலும் சமாளிக்கலாம்.

ஏசி அறையில் கேமராவை வைத்திருப்பவர்கள் பிளாஸ்டிக் பைக்குள் போட்டு வாயை இறுக்கி மூடி வெளியே கொண்டுவாருங்கள். பைக்கு வெளிப்பக்கம் நீர் பூக்கட்டும், கேமரா மேல் வேண்டாம். வெளிக்காற்றின் சூட்டுக்கு வந்தபிறகு பையைத் திறக்கலாம்.

ஜூன் 28

மேகம் பட்ட படங்களை என்ன செய்வது என்று கேட்டவருக்கு: தூக்கிப் போடுங்கள். சிரில் மென்பொருளில் ஒவ்வொரு படத்திலும் எத்தனை நட்சத்திரம் கண்டுபிடித்தது, பின்னணி எவ்வளவு பிரகாசம் என்று வரைபடமாகக் காட்டும். மேகம் வந்த இடத்தில் நட்சத்திர எண்ணிக்கை சட்டென்று விழும். அங்கிருந்து வெட்டிவிடலாம். இரக்கப்பட்டு அவற்றையும் சேர்த்தால் மொத்தப் படமும் மங்கும்.

ஜூலை 3

மேலே 'தூக்கிப் போடுங்கள்' என்று எழுதியதை இப்போது கொஞ்சம் தளர்த்துகிறேன். பால்வெளிக்கு அது சரி. நட்சத்திரக் கூட்டங்களுக்குச் சரியில்லை.

நேற்று எடுத்தவற்றில் மெல்லிய உயர் மேகம் தவழ்ந்த படங்கள் சிலவற்றை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். விருச்சிகம் முழுசாக எழுந்து நிற்கிறது. கேட்டையைச் சுற்றி ஆரஞ்சு நிறத்தில் ஒரு பூ; மற்றவை வெளிர் நீலம். தெளிந்த வானத்தில் எடுத்த படத்தில் பெரிய நட்சத்திரம், சிறிய நட்சத்திரம் எல்லாமே ஒரே மாதிரி வெள்ளைப் புள்ளி. பிரகாசமான நட்சத்திரம் பிக்ஸலை நிரப்பி வழியச் செய்துவிடுவதால் நிறம் வெளுத்துவிடுகிறது. மெல்லிய மேகம் அந்த ஒளியைச் சுற்றிலும் பரப்பிவிடும்போது நிறம் தங்குகிறது, கூட்டத்தின் வடிவமும் கண்ணுக்குப் பிடிபடுகிறது. இதற்காகவே லென்ஸ் முன் மென்மையாக்கும் ஃபில்டர் போடுகிறவர்கள் உண்டு. ஜப்பானின் அகிரா ஃபுஜியின் நட்சத்திரக் கூட்டப் படங்கள் இப்படிப் பூத்த நிறங்களுக்காகவே பெயர் பெற்றவை. நமக்கு மேகம் அந்த வேலையைச் செய்துகொடுக்கிறது.

ஆக, கழிப்பதற்கு முன் ஒவ்வொன்றாகப் பாருங்கள். அடுக்குவதற்கு உதவாத படம் தனிப்படமாக நன்றாக இருக்கலாம்.

ஜூலை 11, இரவு

நேற்று முழுநிலா. இந்த நாட்களில் பால்வெளியைத் தேடி அலைய வேண்டாம், நிலாவையும் மேகத்தையும் சேர்த்தே எடுங்கள்.

நிலாவைச் சுற்றி வரும் வட்டங்கள் இரண்டு வகை. சின்னது, நிலாவை ஒட்டி நீலமும் பழுப்புச் சிவப்புமாக வளையம் வளையமாக வருவது. மெல்லிய மேகத்தின் நீர்த்துளிகளில் ஒளி விளிம்பு வளைவதால் உண்டாகிறது. துளிகள் எல்லாம் ஒரே அளவாக இருந்தால் நிறம் சுத்தமாக இருக்கும். பெரியது ஊர்கோள், 22 டிகிரி ஆரமுள்ள வட்டம். உயர் மேகத்தின் அறுகோணப் பனிப் படிகங்களில் ஒளி விலகுவதால் வருவது. கையை நீட்டி விரல்களை விரித்தால் கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனிவரை ஏறக்குறைய அந்த ஆரம். முழு வட்டமும் வேண்டுமென்றால் முழு ஃபிரேமில் 24 மி.மீ. அல்லது அதற்கும் அகலமான லென்ஸ் வேண்டும்.

'எட்ட வட்டம் கிட்ட மழை, கிட்ட வட்டம் எட்ட மழை' என்று பெரியவர்கள் சொல்வது வெறும் பேச்சில்லை. பெரிய வட்டத்தை உண்டாக்கும் படிக மேகம் பல சமயம் பெரிய மழை அமைப்புக்கு முன்னால் வரும் முதல் படலம். ஊர்கோளை எடுத்து முடித்ததும் கேமராவை மூடத் தயாராக இருங்கள்.

சின்ன வளையத்துக்கு 100 மி.மீ. அளவு லென்ஸ் நன்றாக இருக்கும். நிலா வெளுத்துப் போவதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், வளையத்துக்கு எக்ஸ்போஷர் வையுங்கள். முன்னும் பின்னுமாக நாலைந்து அளவில் எடுத்து வைத்தால் பிறகு தேர்ந்துகொள்ளலாம்.

நிலா 42 டிகிரிக்குக் கீழே இருந்து, எதிர்த் திசையில் மழை பெய்துகொண்டிருந்தால் நிலா வில் வரும். கண்ணுக்கு வெறும் வெள்ளை வளைவாகத் தெரியும், மங்கிய ஒளியில் நம் கண் நிறத்தைப் பிரித்தறிவதில்லை. கேமரா 15, 20 வினாடியில் எல்லா நிறத்தையும் எடுத்துவிடும். நான் இதுவரை ஒன்று பார்த்திருக்கிறேன், எடுக்கக் கையில் கேமரா இல்லை. அந்த ஆசை இன்னும் இருக்கிறது.

ஜூலை 19

மின்னல் எடுப்பது இந்த இழைக்குள் வருமா என்று ஒருவர் கேட்டார். வரும், ஆனால் பாதுகாப்பு முதலில். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே 30 வினாடிக்குக் குறைவாக இருந்தால் அது 10 கிலோமீட்டருக்குள் வந்துவிட்டது என்று அர்த்தம். உள்ளே போய்விடுங்கள். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆகும்வரை வெளியே வராதீர்கள். திறந்த இடத்தில் டிரைபாடு பக்கத்தில் நிற்பது எந்தப் படத்துக்காகவும் தகாது. இதில் எனக்கு விட்டுக்கொடுக்க எதுவுமில்லை.

இடியே கேட்காத தூரத்து மின்னல்தான் நமக்கு உரியது. ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளியுணர்திறன்) 200, அப்பர்ச்சர் (லென்ஸ் திறப்பு) எஃப் 5.6 அல்லது 8, 10 முதல் 20 வினாடி, ஒன்றன்பின் ஒன்றாக ஓடவிட வேண்டும்.

இன்னும் தூரத்தில், 200, 300 கிலோமீட்டர் தள்ளி ஒரு பெரிய இடிமழை; உங்கள் பக்கம் வானம் தெளிவு. அப்படி அமைந்தால் அந்த மேகத்துக்கு மேலே பாருங்கள். ஸ்பிரைட் என்கிற செந்நிற மின்னல் அங்கேதான் தோன்றும். தரையிலிருந்து 50 முதல் 90 கிலோமீட்டர் உயரம், சில மில்லி வினாடிதான் ஆயுள். நைட்ரஜன்தான் அந்தச் சிவப்புக்குக் காரணம். 1989-இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தார் குறை ஒளிக் கேமரா ஒன்றைச் சோதித்தபோது தற்செயலாக அதில் முதன்முதலில் பதிவானது. இன்று எஃப் 1.4, எஃப் 2 லென்ஸ் வைத்திருக்கும் ஆர்வலர்கள் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். 250 கிலோமீட்டர் தூரத்தில் அடிவானத்திலிருந்து சுமார் 15 டிகிரி உயரத்தில் தெரியும். ஐஎஸ்ஓ 3200 அல்லது மேலே, இரண்டு மூன்று வினாடிப் படங்கள் இடைவிடாமல். நூற்றுக்கணக்கில் எடுத்து ஒன்றில் கிடைத்தால் பெரிது. வானம் மூடிய பருவம் தரும் படங்களில் இதைவிட அரிதானது எனக்குத் தெரியாது.

ஜூலை 20

ஸ்பிரைட்டுக்கான தூரத்து இடிமேகத்தையும் செயற்கைக்கோள் படத்தில்தான் தேட வேண்டுமா என்று கேட்டவருக்கு: ஆமாம், அதில்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஜூன் 24-இல் சொன்னதேதான். இங்கே அகச்சிவப்புப் படம் நமக்குச் சாதகம்: உயர்ந்த இடிமேகத்தின் உச்சி மிகக் குளிர்ந்தது, பளீரென்று தெரியும்.

ஜூலை 30

விடாத மழை. வீட்டுக்குள் செய்யக்கூடியவை:

கறுப்புப் படங்களின் தொகுப்பு. நீங்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் ஐஎஸ்ஓ, 15 வினாடி, லென்ஸ் மூடி போட்டு. ஆனால் வெப்பநிலை முக்கியம். சென்சாரின் வெப்ப இரைச்சல் சுமார் 6 டிகிரி செல்சியஸ் ஏறினால் இரட்டிப்பாகும். ஏசி அறையில் எடுத்த கறுப்புப் படம் வெளியே புழுக்கத்தில் எடுத்த படத்துக்குப் பொருந்தாது. ஜன்னலோரம், மழை படாமல், வெளிக்காற்றில் வைத்து எடுங்கள்.

சமநிலைப் படங்களுக்கு, அதாவது ஓரத்து இருட்டைச் சரிசெய்ய எடுக்கும் படங்களுக்கு, மூடிய மேகமே நல்ல வெண்திரை. அந்தி வெளிச்சத்தில் ஒரே சீராக இருக்கும். லென்ஸ் மேல் வெள்ளைத் துணி ஒன்றை இழுத்துப் பிடித்து எடுத்தால் போதும். ஃபோகஸும் அப்பர்ச்சரும் இரவில் வைத்ததேதான் இருக்க வேண்டும்.

அப்புறம் மற்றவர் எடுத்தது. வியாழனைச் சுற்றும் ஜூனோ விண்கலத்தின் ஜூனோகேம் படங்களை நாசா அப்படியே பொதுமக்களுக்குத் திறந்து வைத்திருக்கிறது. யார் வேண்டுமானாலும் இறக்கிச் செப்பனிடலாம். ஹபிளின் காப்பகமும் திறந்ததுதான். பின்னணியைச் சமன் செய்வது, நிறத்தை மிகையாக்காமல் எழுப்புவது எல்லாம் இதில் பழகலாம். பழகிய கையோடு உங்கள் பழைய படங்களுக்குத் திரும்பிப் போங்கள். அன்று குப்பை என்று ஒதுக்கியதில் எவ்வளவு இருக்கிறது என்று தெரியும்.

ஆகஸ்ட் 14

12-ஆம் தேதி அதிகாலை வெள்ளியும் வியாழனும் ஒரு டிகிரிக்கும் குறைவான தூரத்தில் நின்றன. மேகம் முழுக்க மூடவில்லை, ஓடிக்கொண்டே இருந்தது. இந்த இரண்டும் எவ்வளவு மெல்லிய இடைவெளியிலும் துளைத்துக்கொண்டு வரும். 200 மி.மீ. லென்ஸ், அரை வினாடி. வியாழனின் பெரிய நிலாக்களும் சிறு புள்ளிகளாக விழுந்தன. மழைக்காலத்தில் பிரகாசமான இலக்கைத் தேர்ந்துகொள்ளுங்கள் என்று முன்பே எழுதியிருக்க வேண்டும். மங்கிய நெபுலாவுக்கு மணிக்கணக்கில் வானம் வேண்டும், கோளுக்குச் சில நொடி போதும்.

பெர்சீயிட் எரிகற்கள் மறுநாள் உச்சத்தில். முக்கால் பங்குக்கும் மேல் ஒளிர்ந்த நிலா, மூடிய வானம். எதுவும் எடுக்க முடியவில்லை. இதில் ஆறுதல் சொல்ல ஒன்றுமில்லை, வருத்தமாகத்தான் இருந்தது. வானொலி வழியாகக் கேட்பவர்கள் மட்டும் அன்றும் கேட்டிருப்பார்கள்: எரிகல் விட்டுச்செல்லும் அயனித் தடத்தில் தொலைதூர நிலையத்தின் அலை பட்டுத் திரும்பும்போது நொடிநேரம் ஒலி எழும், அதற்கு மேகம் தடையே இல்லை. இதை எப்படி அமைப்பது என்று படிக்க ஆரம்பித்திருக்கிறேன்.

செப்டம்பர் 9

7-ஆம் தேதி இரவின் முழுச் சந்திர கிரகணம். 82 நிமிடம் முழுமறைவு, ஆசியா, ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா எங்கும் தெரிந்தது. எங்களுக்கு இடையிடையே மேகம்.

முழுமறைவில் நிலா பல ஆயிரம் மடங்கு மங்கிவிடுவதால் மெல்லிய மேகமே போதும், சிவப்பு காணாமல் போகும். முன்கூட்டியே இரண்டு அமைப்புகளைக் கேமராவில் பதிந்து வைத்திருந்தேன். ஒளிரும் பகுதிக்கு வேகமான ஷட்டர், சிவந்த நிலாவுக்கு ஐஎஸ்ஓ 1600, ஒரு வினாடி. இடைவெளி வந்ததும் ஒரு குமிழைத் திருப்பினால் போதும். பக்கத்தில் இருந்தவர் அமைப்பைத் தேடிக்கொண்டிருக்கும்போதே மேகம் மூடிவிட்டது, அவருக்கு என் படங்களைக் கொடுத்தேன். நிலாவின் விளிம்பில் சிவப்பும் மேகத்தின் ஓரம் பழுப்புமாக வந்த ஒரு படம்தான் இந்தப் பருவத்தில் எனக்கு மிகப் பிடித்தது. தெளிந்த வானத்தில் அந்தப் படம் கிடைக்காது.

செப்டம்பர் 22

முதலில் கேள்வி கேட்டவர் திரும்ப எழுதியிருக்கிறார்: நான்கு நிமிட இடைவெளியில் பால்வெளி எடுத்துவிட்டாராம், இனி டிராக்கர், அதாவது வானத்தின் நகர்வோடு கேமராவைத் திருப்பும் கருவி, வாங்கலாமா என்கிறார்.

இப்போது வேண்டாம். டிராக்கரின் அச்சை வான துருவத்துக்கு நேராக்க வேண்டும். துருவ நட்சத்திரமே துருவத்திலிருந்து முக்கால் டிகிரிக்குச் சற்றுக் குறைவாக விலகியிருக்கிறது. அதைத் திருத்தி நிறுத்துவதற்குள் இடைவெளி மூடிவிடும். அந்த நட்சத்திரம் மேகத்துக்குள் இருந்தால் தொடங்கவே முடியாது. மழை விலகட்டும், அப்போது வாங்குங்கள். இன்று செய்ய வேண்டியது வேறு: லென்ஸைக் கழற்றி, அப்பர்ச்சரை முழுதாகத் திறந்து, பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். நூல் மாதிரி எதுவும் தெரியாவிட்டால் சரி. தெரிந்தால் பரவுவதற்குள் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துவிடுங்கள், அதுவரை மற்ற லென்ஸ்களோடு ஒரே டப்பாவில் வைக்காதீர்கள்.